பட்டனில் ஒட்டிய நாணயம்: தம்பியின் விரல் போனது யார் குற்றம்?

தர்மபுரி மாவட்டத்திலிருந்து ஒரு அக்கா தன் தம்பிக்காக நீளமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

தம்பிக்கு வயது 30, ஐடிஐ படித்தவர். ஓசூர் பக்கம் டூ வீலருக்குத் தகட்டுப் பாகங்கள் அடித்துத் தரும் ஒரு கம்பெனியில், கான்ட்ராக்டர் மூலமாக ஏழு மாதம் பவர் பிரஸ் (தகட்டை அடித்து வடிவம் கொடுக்கும் மெஷின்) ஓட்டியிருக்கிறார். சம்பளம் 18,000 ரூபாய், வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். 2025 ஜூனில் ஒரு நாள் இரவு ஷிஃப்ட், விடியற்காலை நாலு மணி சுமாருக்கு, டையில், அதாவது தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சில், சிக்கிய பீஸை எடுக்க வலது கையை உள்ளே விட்டபோது பிரஸ் இறங்கிவிட்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. கம்பெனி வண்டியிலேயே தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் சுமார் ஒன்றரை லட்சம் பில்லையும் கட்டியிருக்கிறார்கள். மூன்றாவது வாரம் கான்ட்ராக்டர் வீட்டுக்கு வந்து 50,000 ரூபாயைக் கையில் கொடுத்து, "என் கவனக்குறைவால் நடந்தது, முழு இழப்பீடும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று 20 ரூபாய் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிப் போயிருக்கிறார். அப்புறம்தான் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை கைக்கு வந்தது. அதில் வேலைக்குச் சேர்ந்த தேதி, விபத்துக்கு மறுநாள்!

கடிதத்தில் அக்கா திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். "மெஷினில் ரெண்டு பக்கமும் பட்டன் இருக்கும், ரெண்டு கையாலயும் அமுக்கினாத்தான் இறங்கும். என் தம்பி ஒரு பட்டன்ல காசை வச்சு டேப் ஒட்டிட்டு ஒரு கையால ஓட்டியிருக்கான். முன்னாடி இருந்த கம்பித் தடுப்பையும் கழட்டி வச்சிருந்தாங்களாம். தப்பு அவன் மேலதான். அதனால கேக்கவே கூச்சமா இருக்கு." மேலே பேசினால் பாதுகாப்பைக் கெடுத்ததாகத் தம்பி மேலேயே கேஸ் வரும் என்று கான்ட்ராக்டர் பயமுறுத்தியிருக்கிறார். தெரிந்தவர் ஒருவரோ, கோர்ட்டுக்குப் போனால் 25 லட்சம் வாங்கலாம், இஎஸ்ஐ பணமும் தனியாக வரும் என்கிறாராம். எதை நம்புவது என்று கேட்கிறார்.

சகோதரி, முதலில் அந்தக் கூச்சத்தை ஓரமாக வைத்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அந்த வரிசையில இருக்கிற எட்டு மெஷின்லயும் அப்படித்தான் ஒட்டியிருப்பாங்களாம், சேர்ந்த ரெண்டாம் நாளே செட்டர்தான் சொல்லிக் கொடுத்தாராம்." (செட்டர் என்றால் மெஷினில் டையைப் பொருத்திக் கொடுப்பவர்.) உங்களுக்கு இது தம்பியின் தப்பைக் கொஞ்சம் லேசாக்கும் சமாதானமாகத் தோன்றியிருக்கும். எனக்கு மொத்தக் கடிதத்திலும் முக்கியமான வரி இதுதான்.

இருபது வருஷத்துக்கு மேல் தொழிலாளர் வழக்குகளில் இருக்கிறேன், விரல் போன கைகளை நிறையப் பார்த்தாயிற்று. ஒரு வழக்கில் விபத்து நடந்த பிரஸ்ஸை நேரில் போய்ப் பார்த்தேன். எனக்கு முன்னால் தகவல் போயிருந்ததால் மெஷினைத் துடைத்து, புது மஞ்சள் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். ஆனால் இடது பக்கத்துப் பச்சைப் பட்டனைச் சுற்றி டேப் பசை கறுத்து, ஒரு ரூபாய் அகலத்துக்கு வட்டமாக ஒட்டியிருந்தது. ஒரு நாள் இரண்டு நாள் ஒட்டினால் வருகிற கறை இல்லை அது. மாதக்கணக்கில் ஒட்டிப் பிரித்து, பிரித்து ஒட்டி, எண்ணெயும் தூசியும் சேர்ந்து ஏறிய கறை. தினமும் அந்த வழியாக நாலு தரம் நடந்த சூப்பர்வைசர், தனக்கு எதுவும் தெரியாது என்று சாட்சி சொன்னார்.

இன்னொன்றும் கவனியுங்கள். இரண்டு கைப் பட்டன் எதற்கு? பிரஸ் இறங்கும் நேரத்தில் இரண்டு கையும் டைக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதற்கு. ஒழுங்காகச் செய்த கன்ட்ரோல் என்றால் இரண்டு பட்டனையும் அரை நொடி இடைவெளிக்குள் சேர்த்து அழுத்த வேண்டும், ஒவ்வொரு அடிக்கும் இரண்டையும் விட்டு மறுபடி அழுத்த வேண்டும். ஒரு பட்டன் அழுந்தியபடியே கிடந்தால் அடுத்த அடி விழாது. அந்த மாதிரி மெஷினில் காசு ஒட்டினால் மெஷின் நின்றுவிடும், அவ்வளவுதான். காசு ஒட்டியும் மெஷின் ஓடுகிறது என்றால் அந்தப் பாதுகாப்பு ஏற்பாடே அரைகுறை. அதை வாங்கி வைத்தது உங்கள் தம்பி இல்லையே.

முன்பக்கத் தடுப்பும் அப்படித்தான். டை மாற்றும்போது போல்ட்டைக் கழற்றி எடுத்துவிட்டுப் புது டைக்குப் பொருந்தவில்லை என்று மூலையில் போட்டிருப்பார்கள். அது கழன்று கிடக்கும்போது மெஷின் ஓடாதபடி ஒரு இன்டர்லாக் ஸ்விட்ச் வைக்கலாம். பெரிய செலவில்லை. வைக்கவில்லை.

டார்கெட் கணக்கையும் எழுதியிருக்கிறீர்கள்: 12 மணி நேர ஷிஃப்டுக்கு 5,500 பீஸ். சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் கழித்தால் மிச்சம் 39,600 நொடி. ஒரு பீஸுக்கு 7.2 நொடி. அதற்குள் தகட்டை எடுத்து, டையில் வைத்து, கையை வெளியே இழுத்து, இரண்டு பட்டனையும் அழுத்தி, பிரஸ் இறங்கி ஏறி, அடித்த பீஸை எடுத்துப் பெட்டியில் போட வேண்டும், 11 மணி நேரம் இடைவிடாமல். இப்படி ஒரு டார்கெட்டைப் போட்டுவிட்டால் பட்டனை ஒட்டு என்று யாரும் வாயால் சொல்ல வேண்டியதில்லை. (12 மணி நேர ஷிஃப்ட் என்பதே தனி விதிமீறல். ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பார்த்த வேலைக்கு இரட்டைச் சம்பளம் வந்ததா என்றும் தம்பியைக் கேளுங்கள். வந்திருக்காது.)

தப்பு செய்தவருக்கு இழப்பீடு கிடையாதா?

தம்பிக்கு அடிபட்டது 2025 ஜூனில். நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21-ம் தேதி. அதனால் இந்த விபத்தைப் பழைய சட்டங்களை வைத்தே பேசுகிறேன். புதுச் சட்டம் வந்து பழைய உரிமை எல்லாம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விபத்து நடந்த அன்றைக்கு உண்டான உரிமை அது.

1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-வது பிரிவு, இயந்திரத்தின் ஆபத்தான பகுதி ஒவ்வொன்றையும் உறுதியான தடுப்பால் மூட வேண்டும், அது ஓடும்போது தடுப்பு அதன் இடத்திலேயே இருக்கும்படி எப்போதும் பராமரிக்க வேண்டும் என்கிறது. இந்தப் பொறுப்பு ஆலையை நடத்துகிறவருடையது. தடுப்பை வாங்கி வைத்தேன், அவர்கள் கழற்றிவிட்டார்கள் என்று சொன்னால் போதாது. கழற்றாமல் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. தடுப்பு போட்டால் வேலை ஓடாதே என்ற வாதமும் பழசு. 1955-ல் இங்கிலாந்தில், சாணைச் சக்கரத்தில் கட்டைவிரல் அடிபட்ட ஒரு தொழிலாளியின் வழக்கில், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை இதற்குப் பதில் சொல்லிவிட்டது: முழுசாக மூடினால் சக்கரத்தைப் பயன்படுத்தவே முடியாது என்பது உண்மையாகவே இருந்தாலும், மூட வேண்டும் என்ற கடமை அதனால் குறையாது. நம் சட்டத்தின் வாசகமும் அந்த வழியில் வந்ததுதான்.

இழப்பீட்டுச் சட்டங்கள் இதைவிட எளிது. யார் மேல் குற்றம் என்று அவை அலசிக்கொண்டிருப்பதில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக அடிபட்டதா என்பதுதான் கேள்வி. 1923-ம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் மட்டும் முதலாளிக்கு ஒரு தப்பிக்கும் வழி உண்டு: குடித்திருந்தாலோ, பாதுகாப்புக்கான உத்தரவை வேண்டுமென்றே மீறியிருந்தாலோ, பாதுகாப்புச் சாதனம் என்று தெரிந்தே அதை வேண்டுமென்றே அகற்றியிருந்தாலோ அவர் கொடுக்க வேண்டியதில்லை. சாவிலும் முழு நிரந்தர ஊனத்திலும் இந்த வழியும் அடைபட்டுவிடும். தம்பியுடையது பகுதி ஊனம் என்பதால், வழக்கு அந்தச் சட்டத்தின் கீழ் போனால் கம்பெனி வக்கீல் இதைத்தான் பிடித்துக்கொள்வார். ஆனால் கவனக்குறைவும் "வேண்டுமென்றே" என்பதும் ஒன்றில்லை. எட்டு மெஷினிலும் ஒட்டியிருக்கும்போது, செட்டரே சொல்லிக்கொடுத்திருக்கும்போது, அந்த வாதம் நிற்பது கடினம்.

இஎஸ்ஐ சட்டத்தில் அந்த வழியே இல்லை. விதியை மீறிச் செய்த காரியத்தில் அடிபட்டாலும், அது முதலாளியின் தொழிலுக்காகச் செய்ததுதான் என்றால் வேலையில் ஏற்பட்ட காயமாகவே கொள்ள வேண்டும் என்று 51-பி பிரிவில் எழுதியே வைத்திருக்கிறார்கள். டையில் சிக்கிய பீஸை உங்கள் தம்பி தன் வீட்டுக்காக எடுக்கவில்லை.

அந்த 20 ரூபாய் பத்திரம்

தம்பி கையெழுத்துப் போட்டுவிட்டார், இனி என்ன செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். (இரண்டு விரல் போன மூன்றாவது வாரத்தில், இடது கையால் போட்ட கையெழுத்து அது. அதைச் சொல்லாமல் விட முடியவில்லை.)

இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1923 சட்டத்தின் 17-வது பிரிவு சொல்கிறது. மொத்தத் தொகை கொடுத்துப் பேசி முடித்தாலும் அந்த உடன்பாட்டை இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும், தொகை போதாது என்று பட்டால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். வீட்டுத் திண்ணையில் எழுதிய பத்திரத்துக்கு அந்த மதிப்பு கிடையாது. ஆஸ்பத்திரிக்குக் கட்டிய ஒன்றரை லட்சத்தையும் இழப்பீட்டில் கழிக்க முடியாது. மருத்துவச் செலவு வேறு, இழப்பீடு வேறு.

50,000 ரூபாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஆனால் வாங்கவே இல்லை என்று எங்கேயும் சொல்லாதீர்கள். வாங்கியதை வாங்கியதாகவே எழுதுங்கள், தேதியோடு.

25 லட்சம் வருமா?

வராது. இதைச் சொல்லும்போது உங்களுக்கு வருத்தமாக இருக்கும். வழக்குச் செலவுக்கு என்று அந்தத் தெரிந்தவரிடம் ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் இன்னும் வருத்தமாக இருக்கும்.

இஎஸ்ஐ பொருந்தும் ஆலையில் வேலை செய்கிறவருக்கு அடிபட்டால், அதற்கான பலன் இஎஸ்ஐ கழகத்திடமிருந்துதான். முதலாளியிடம் 1923 சட்டத்தின் கீழோ வேறு சட்டத்தின் கீழோ தனியாக இழப்பீடு கேட்பதை இஎஸ்ஐ சட்டத்தின் 53-வது பிரிவு தடுக்கிறது. இரண்டு பக்கமும் வாங்க முடியாது.

அட்டை விபத்துக்குப் பிறகுதானே போட்டார்கள் என்பீர்கள். அதனால் பாதகமில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஆலை, சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால், வேலைக்குச் சேர்ந்த அன்றே சட்டப்படி அவர் காப்பீடு பெற்றவர். பதிவு செய்யாததும் சந்தா கட்டாததும் முதலாளியின் தப்பு, அதற்காகத் தொழிலாளியின் பலன் போகாது. விபத்துக்கு முன்னாலோ பின்னாலோ முதலாளி என்ன செய்தார், செய்யவில்லை என்பது இதில் பொருட்டில்லை என்று உச்ச நீதிமன்றம் 2003-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கழகம் பலனைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூல் செய்துகொள்ளும். கான்ட்ராக்டர் ஓடிப்போனாலும் பெரிய கம்பெனியைத்தான் சட்டம் பிடிக்கும். இஎஸ்ஐ சந்தாவுக்கு முதல் பொறுப்பு முதன்மை முதலாளியுடையது.

ஒன்று மட்டும் நீங்கள் நிரூபிக்க வேண்டும்: தம்பி அங்கே ஏழு மாதமாக வேலை செய்தார் என்பது. மறுநாள் தேதி போட்ட அட்டை அதைத்தான் அழிக்கப் பார்க்கிறது. சேர்ந்த தேதி விபத்துக்குப் பிறகு என்றால், இப்படி ஒரு விபத்தே எங்கள் ஆலையில் நடக்கவில்லை என்று சொல்லிவிடலாம், பாருங்கள். இது உங்கள் கம்பெனி மட்டும் செய்கிற வேலை இல்லை. அரியானாவில் மானேசர், குருகிராம் பகுதி வாகன உதிரிபாக ஆலைகளில் விரல் இழந்தவர்களோடு வேலை செய்யும் சேஃப் இன் இந்தியா என்ற அமைப்பும் விபத்துக்குப் பிறகு முளைக்கும் அட்டைகளைப் பற்றி எழுதிவருகிறது.

கணக்கைப் பார்ப்போம். ஒரு கையில் இரண்டு விரல் முழுசாகப் போனால், சம்பாதிக்கும் திறன் இழப்பு 20 சதவீதம் என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. (முழுசாக இல்லாமல் ஒரு கணு, இரண்டு கணு என்றால் குறையும். ஆள்காட்டி விரலில் ஒரு கணுவுக்கு 9, இரண்டு கணுவுக்கு 11, முழு விரலுக்கு 14. அதனால் எக்ஸ்ரே படம் முக்கியம்.) 1923 சட்டப்படி போனால், சம்பளம் 18,000 என்றாலும் உச்சவரம்பு 15,000 ரூபாயைத்தான் எடுப்பார்கள். அதில் 60 சதவீதம் 9,000. 30 வயதுக்குச் சட்டம் தரும் காரணி (பெருக்கும் எண்) 207.98. பெருக்கி அதில் 20 சதவீதம் எடுத்தால் 3,74,364 ரூபாய். ஒரே தடவை. தாமதத்துக்கு 12 சதவீத வட்டி சேரும்.

இஎஸ்ஐயில் சராசரி தினக்கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதில் 90 சதவீதம் 540. சிகிச்சையில் வேலைக்குப் போக முடியாமல் இருந்த நாட்களுக்கு நாளுக்கு அந்த 540. அது முடிந்ததும் நிரந்தர ஊனத்துக்கு அதில் 20 சதவீதம், நாளுக்கு 108 ரூபாய். மாதம் சுமார் 3,240. சின்னத் தொகையாகத் தெரியும். ஆனால் அது ஆயுள் முழுக்க. தம்பி வேறு வேலைக்குப் போய்ச் சம்பாதித்தாலும் நிற்காது. பத்து வருஷத்துக்குள்ளேயே அந்த மூணே முக்கால் லட்சத்தைத் தாண்டிவிடும், அவருக்கோ இப்போதுதான் 30. இஎஸ்ஐ வேண்டாம், கேஸ் போடலாம் என்று கூப்பிடுகிறவர் இந்தக் கணக்கை உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்.

இஎஸ்ஐ அந்த ஆலைக்கு உண்மையிலேயே பொருந்தாது என்று தெரிந்தால் மட்டும் 1923 சட்டத்தின் கீழ் தொழிலாளர் துறையில் இருக்கும் இழப்பீட்டு ஆணையரிடம் மனு. அதற்கு விபத்திலிருந்து இரண்டு வருஷம் கெடு.

மாற்றுத்திறனாளி உதவித்தொகை பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதற்கான சதவீதம் வேறு, இந்த 20 சதவீதம் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பெரும்பாலான சலுகைகளுக்கு மருத்துவச் சான்றிதழில் 40 சதவீதம் வேண்டும், இரண்டு விரல் இழப்பில் அது எட்டுவது சிரமம்.

தம்பி மேலேயே கேஸ் வருமா?

கான்ட்ராக்டர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். பாதுகாப்புச் சாதனத்தைத் தொழிலாளி வேண்டுமென்றே கெடுக்கக்கூடாது என்று தொழிற்சாலைகள் சட்டத்தில் உண்டு. அப்படிக் கெடுத்தால் 111-வது பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, 100 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அவர் பயமுறுத்தியது இதை வைத்துத்தான்.

மறுபக்கத்தைப் பாருங்கள். தடுப்பு இல்லாமல் ஓட்டவிட்ட ஆலை நடத்துபவருக்கும் மேனேஜருக்கும் 92-வது பிரிவில் இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். விதிமீறலால் படுகாயம் ஏற்பட்டிருந்தால் அபராதம் 5,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. அந்த 5,000 ரூபாயைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் தோன்றும். புதுத் தொகுப்பில் இது இரண்டு லட்சம் முதல் நாலு லட்சம் வரை, அதில் பாதிக்குக் குறையாமல் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடவும் வழி உண்டு. தம்பியின் விபத்துக்கு அது எட்டாது.

வேறு ஒருவர் செய்த தப்பு, எனக்குத் தெரியாமல் நடந்தது, நான் எல்லாக் கவனமும் எடுத்தேன் என்று முதலாளி தப்பிக்கவும் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு, 101. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது அவர். எட்டு மெஷினில் எட்டு காசு ஒட்டியிருக்க, ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை என்று அவர் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும்.

புகார் கொடுக்க வேண்டிய இடம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், நாம் பேச்சுவழக்கில் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் என்கிறோமே, அது. 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயம் என்றால் ஆலையே அவர்களுக்குத் தகவல் கொடுத்திருக்க வேண்டும், கொடுத்திருக்க மாட்டார்கள். ஆய்வாளருக்குத் தெரிய வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அவர் வழக்குப் போட வேண்டும் என்பது விதி. அதனால் கொடுப்பது என்றால் முழு விவரத்தோடு ஒரே தடவையில் கொடுங்கள், அரைகுறையாக ஒன்று இன்றைக்கு, ஒன்று அடுத்த மாதம் என்று வேண்டாம். போலீஸிலும் இடம் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவில் இயந்திரத்தை அஜாக்கிரதையாக வைத்திருப்பதற்கு 289-வது பிரிவும், அஜாக்கிரதையால் கொடுங்காயம் ஏற்படுத்துவதற்கு 125-வது பிரிவும் இருக்கின்றன. ஆனால் போலீஸ் புகாரால் தம்பியின் கைக்குப் பணம் வராது, சமாதானம் பேச ஆள்தான் வரும். அந்த இழுபறிக்கு வீட்டில் தெம்பு இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். நானாக இருந்தால் இஎஸ்ஐ கோரிக்கையை முதலில் போட்டுவிட்டு, ஆய்வாளர் புகாரைக் கையோடு அனுப்பிவிட்டு, போலீஸை அப்புறம் யோசிப்பேன். மற்ற ஏழு மெஷினிலும் இன்று இரவும் ஆள் நிற்பார்கள் என்பதால் ஆய்வாளர் புகாரைத் தள்ளிப்போட மனசு வரவில்லை.

இப்போது என்ன செய்யலாம்

ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். நீங்கள் கவனிக்காத ஒன்று அதில் இருக்கிறது. காயம் எப்படி ஏற்பட்டது என்ற இடத்தில் "வீட்டு இரும்புக் கதவில் கை நசுங்கியது" என்ற பொருளில் எழுதியிருக்கிறார்கள். தம்பி அரை மயக்கத்தில் இருந்தபோது கூட வந்தவர் சொன்னதை டாக்டர் எழுதியிருப்பார். முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான். ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு எழுத்தில் கடிதம் கொடுத்து, சேர்த்தபோது போட்ட ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் நகலையும் முழு கேஸ் ஷீட் நகலையும் கேளுங்கள். யார் கொண்டுவந்து சேர்த்தார், பில் யார் பெயரில் கட்டப்பட்டது என்பது அதில் இருக்கும். விடியற்காலை நாலரைக்கு, வீட்டுக் கதவில் நசுங்கிய கையைக் கம்பெனி சூப்பர்வைசர் ஏன் கொண்டுவந்தார் என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்காது.

அடுத்தது, ஏழு மாத வேலைக்கான ஆதாரம். ஜிபேயில் வந்த சம்பளம் ஏதாவது, ஷிஃப்ட் போடும் வாட்ஸ்அப் குரூப் செய்திகள், கேன்டீன் டோக்கன், கேட் பாஸ், யூனிஃபார்மில் தம்பி எடுத்த செல்ஃபி, கூட வேலை செய்தவர்கள் இரண்டு பேரின் வாக்குமூலம். வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து அவரை இன்னும் நீக்கவில்லை என்றால் இன்றே எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மெஷினை எடுத்த படம் யாரிடமாவது இருந்தால் அதையும். இதற்காகத் தம்பியை மறுபடி உள்ளே அனுப்பிப் படம் எடுக்கச் சொல்லாதீர்கள்.

அப்புறம் இஎஸ்ஐ கிளை அலுவலகம். விபத்து அறிக்கை வந்திருக்கிறதா என்று கேளுங்கள். வந்திருக்காவிட்டால், நடந்தது முழுவதையும் எழுதி, சேர்ந்த தேதி தவறாகப் பதிவாகியிருக்கிறது என்று குறிப்பிட்டு, தற்காலிக ஊனப் பலனும் மெடிக்கல் போர்டு பரிசோதனையும் கேட்டு மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். கோரிக்கையை ஒரு வருஷத்துக்குள் எழுத்தில் வைத்துவிடுவது பத்திரம், எட்டு மாதம் போய்விட்டது. பட்டனில் காசு ஒட்டியதை மனுவில் மறைக்க வேண்டாம். எட்டு மெஷினிலும் ஒட்டியிருந்தது, செட்டர் சொல்லிக்கொடுத்தார், தடுப்பு கழற்றிக் கிடந்தது என்ற மூன்றையும் சேர்த்து அப்படியே எழுதுங்கள். நீங்கள் மறைத்து அவர்கள் சொன்னால் அது தம்பியின் குற்றமாகத் தெரியும், நீங்களே சொன்னால் ஆலையின் பழக்கமாகத் தெரியும். மெடிக்கல் போர்டு சதவீதத்தைக் குறைத்துப் போட்டால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது, அதற்கும் மேல் இஎஸ்ஐ நீதிமன்றம். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே அமர்த்தித் தருவார்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். பணம் தம்பியின் பேங்க் கணக்குக்குத்தான் வரும். அவர் வலது கைக்காரர், இரண்டு விரல் இல்லாமல் பழைய கையெழுத்து வராது. போன மாதம் செக் திரும்பியது என்று எழுதியிருந்தீர்களே, காரணம் அதுவாகத்தான் இருக்கும். மனு கொடுக்கப் போவதற்கு முன்னால் பேங்குக்கு ஒரு நடை போய், இப்போது வருகிற கையெழுத்தை, இடது கையாக இருந்தாலும் பரவாயில்லை, மாற்றிப் பதிவு செய்துவிட்டு வரச் சொல்லுங்கள். இஎஸ்ஐ மனுவிலும் அதே கையெழுத்தைப் போடட்டும்.